வாக்கியம் மெய்ப்பிக்கப்பட்டது

"இந்தப் பூமியிலேயே, ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் காப்பாத்தறதுக்காகக் கல்லு மாதிரி நின்ன தண்ணித் தொட்டியை இடிச்சுத் தள்ளின ஒரே ஆபீஸ் எங்களுதுதான்!" என்றார் வால்வுக்காரர், தொலைபேசியில், ஏதோ அந்தத் தொட்டியைத் தன் தோளாலேயே முட்டிச் சாய்த்தவரைப் போல.

மறுமுனையில் இருந்தது அவர் மனைவி. அவள் வேறொரு ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏங்க, இங்க ஒருத்தர் ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல உளறிட்டுக் கிடக்காரு. அவரு பேச்சு உங்க பேச்சைவிடக் கோர்வையா இருக்கு."

"சத்தியமா சொல்றேன்மா."

"போன தடவை டிரான்ஸ்ஃபர் ஏன் வரலைன்னு கேட்டதுக்கு, பைலை எலி தின்னுடுச்சுன்னீங்க. அதுக்கு முந்தின தடவை, கையெழுத்துப் போடுற அதிகாரிக்குக் கையில மாவுக்கட்டுன்னீங்க. இப்ப தொட்டி. வர இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. தனியா சமைச்சுத் தனியா சாப்பிடப் பழகிட்டேன். கதை கேக்கத்தான் இன்னும் பழகலை. இந்தத் தடவையும் ஆள் வரலைன்னா, போனும் வரவேண்டாம்."

டொக்கென்று வைத்துவிட்டாள்.

வால்வுக்காரர் ரிசீவரை முகத்துக்கு நேரே பிடித்துப் பரிதாபமாகப் பார்த்தார். எலி நிஜம். மாவுக்கட்டும் நிஜம். தொட்டியோ, ஊரே பார்க்க இடிந்த நிஜம். உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாத மனுஷனுக்குப் புளுகன் என்று பெயர் வாங்கிக் கொடுத்த பெருமை முழுக்க முழுக்க அவருடைய அலுவலகத்தையே சேரும்.

அது தண்ணீர் வழங்கும் அலுவலகம். வால்வுக்காரரின் வேலை, நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பூமிக்குள் இருக்கும் வால்வுகளைத் திறப்பது, மூடுவது. கல்யாணமானதிலிருந்து அவர் இந்த ஊரில் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவள் அந்த ஊரில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். விசேஷ நாட்களில் மட்டும் குடும்பம் நடத்தினார்கள். அவள் ஊரிலும் தண்ணீர் ஓடுகிறது, அங்கேயும் வால்வு உண்டு. ஒரே ஒரு உத்தரவு வந்தால் போதும்.

அந்த நேரத்தில்தான் பெரிய அதிகாரி வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்த் தொலைத்தார்.

தண்ணீரைப் பற்றிய மாநாடு. அதிகாரி மேடையேறி, பல்லுடைக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட்டுப் பேசியிருக்கிறார். கடைசி வரிசையில் யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டான். அவன் இவர் பேச்சுக்குத்தான் சிரித்தானா, பக்கத்தில் இருந்தவன் கிச்சுகிச்சு மூட்டினானா என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் விமானம் தரையிறங்குவதற்குள் அதிகாரிக்கு ஞானம் பிறந்துவிட்டது. மறுநாளே எல்லோரையும் பம்பு அறையில் கூட்டினார். மோட்டார் இரைச்சலில் பேச்சு கேட்காது என்று மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பாதி ஊருக்குத் தண்ணீர் நின்றது.

"குழாய் உடைஞ்சா ஊருக்குள்ள மட்டும்தான் தெரியும். வாக்கியம் உடைஞ்சா உலகத்துக்கே தெரியும்!" என்று முழங்கினார். "ஒரு துறையோட மானம் அதோட குழாயில ஓடலை. நாக்குல ஓடுது. ஜனங்க தண்ணி கேக்குறாங்கன்னு சொல்றீங்க. கேக்கட்டும். கேக்குறது அவங்க உரிமை. ஆனா தண்ணி இல்லைங்கிறதை நாம எவ்வளவு உயர்ந்த சொல்லால சொல்றோம்? அதுல இருக்கு முன்னேற்றம்!"

அன்றிலிருந்து குழாய் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கிய பணமெல்லாம் சொல் பழுதுபார்ப்புக்குப் போனது. பதவி உயர்வோ, விடுப்போ, இடமாற்றமோ, எது கேட்டாலும் முதலில் பித்தளை அண்டா ஒன்றுக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். சீட்டில் ஒரு கடினமான ஆங்கிலச் சொல் இருக்கும். அதை ஒரு வாக்கியத்தில் அமைத்துக் குழுவின் முன் சரியாகச் சொன்னால்தான் கேட்டது கிடைக்கும்.

இதுவரைக்கும் வெறும் கிறுக்குத்தனம்தான். எந்த ஊரில் இல்லை! ஆனால் வாக்கியம் சரியா என்று தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டுமே? அதற்கு ஒரு மெய்ப்பிப்பு அலுவலரைப் போட்டார்கள். அவர் அதற்குமுன் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். எதையும் குனிந்து கண்ணால் பார்க்காமல் எழுதாதவர். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்:

"வாக்கியம் சரியா தப்பான்னு உக்காந்த எடத்துல எப்படிச் சொல்றது? போய்ப் பாக்கணும்ல?"

அறையில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்தக் கணத்தில் பிறந்தது விதி: வாக்கியத்தில் சொன்னது நிஜமாகவும் இருந்தால்தான் வாக்கியம் சரி.

துணைப் பொறியாளருக்குச் சீட்டில் 'டிலாபிடேட்டட்' வந்தது. இடிந்து பாழாய்ப்போன என்று பொருள். மனுஷன் நன்றாகப் படித்தவர். "மேட்டுத் தெருத் தண்ணீர்த் தொட்டி டிலாபிடேட்டட் நிலையில் உள்ளது" என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். மெய்ப்பிப்பு அலுவலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். தொட்டி புதுமாப்பிள்ளை மாதிரி வெள்ளையடித்துப் பளபளவென்று நின்றது. ஆக, வாக்கியம் தப்பு. ஆனால் சொன்னவர் துணைப் பொறியாளர். துணைப் பொறியாளர் தப்பு செய்யமாட்டார். அப்படியென்றால் தப்பு செய்தது யார்? தொட்டிதான். கடப்பாறையோடு ஆட்கள் போனார்கள். வாக்கியம் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

அடுத்து, புகார்ப் பிரிவு அதிகாரிக்கு 'வொசிஃபரஸ்' வந்தது. கூச்சல் போடுகிற என்று பொருள். "கீழத் தெரு மக்கள் வொசிஃபரஸ் ஆனவர்கள்" என்றார். போய்ப் பார்த்தால், அந்தத் தெருவில் ஒரு கிழவர் நாற்காலியில் தூங்குகிறார், ஒரு பூனை வாலை நக்குகிறது. அவ்வளவு அமைதி. வால்வுக்காரரைக் கூப்பிட்டு வால்வை மூடச் சொன்னார்கள்.

"ஐயா, அங்க தண்ணி ஒழுங்கா போயிட்டிருக்கு."

"அதுதான்யா கோளாறே."

மூடினார். கொஞ்ச நேரத்தில் தெருவே குடத்தோடு வாசலுக்கு வந்தது. "ஏய்யா, உனக்கு மனசாட்சி இருக்கா? சாவியைத் தோள்ல வெச்சிருந்தா பெரிய ராஜான்னு நெனப்பா?" என்று ஒரு தையல்காரி அவருடைய பரம்பரையையே கிழித்துத் தைத்தாள். தூரத்தில் புகார் அதிகாரி காதில் கைவைத்துக் கேட்டு, பரவசத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆங், சரி!" வாக்கியம் மெய்ப்பிக்கப்பட்டது என்று முத்திரை விழுந்தது. வால்வைத் திறக்கச் சொல்லத்தான் மறந்துபோனார்கள்.

இந்த லட்சணத்தில்தான் வால்வுக்காரரும் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அண்டாவுக்குள் கைவிட்டார். வந்த சொல் 'இன்டர்மிட்டன்ட்'. சீட்டு கொடுத்த பெண், "விட்டு விட்டு வர்றதுண்ணே" என்று பொருள் சொன்னாள்.

வால்வுக்காரருக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. இந்த ஊரில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது என்று சொன்னால் முடிந்தது! யாரும் எதையும் இடிக்க வேண்டாம், மூட வேண்டாம். அந்த அண்டாவிலேயே மெனக்கெடாமல் நிஜமாக இருந்த ஒரே சொல் அதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக அதிர்ஷ்டம் அவருடைய வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்திருந்தது.

நேரே ஸ்டோர்கீப்பரிடம் ஓடினார். வேறு யாரிடம் ஓடுவார்? வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒட்டிக்கொண்ட சிநேகம். மத்தியானம் ஒரே மேசையில் சாப்பாடு. இவர் டப்பாவில் கை வைக்க அவர் கேட்பதில்லை, அவர் டப்பாவில் இவர் கேட்பதில்லை. மனைவி போனில் திட்டிய நாட்களில் பைப்புகளுக்கும் வாஷர்களுக்கும் நடுவே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றியது அவர்தான்.

ஸ்டோர்கீப்பரும் பதவி உயர்வுக்காகச் சீட்டு எடுத்திருந்தார். அதை எடுத்ததிலிருந்து முகத்தில் ஈயாடவில்லை. வால்வுக்காரரின் சொல்லைக் கேட்டதும் அந்த முகம் எப்படியெப்படியோ மாறியது.

"அடப்பாவி மாப்ளே, இன்டர்மிட்டன்ட்டா?" என்று உச்சுக்கொட்டினார்.

"ஏன், நல்ல சொல்தானே?"

"சப்பை மாப்ளே. இதுக்கெல்லாம் மார்க்கு விழாது. குழு கொட்டாவி விடும். உனக்கு டிரான்ஸ்ஃபர் வேணுமா வேணாமா?"

"வேணும்டா. இல்லைன்னா அவ போனையே எடுக்கமாட்டா."

ஸ்டோர்கீப்பர் தன் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்தா, என்னோடதை எடுத்துக்க. போஸ்துமஸ். எவ்வளவு கம்பீரமா இருக்கு பாரு! எனக்குப் போனா போகுது, புரமோஷன் எங்க ஓடிடப் போகுது. நீயும் தங்கச்சியும் ஒண்ணா இருந்தா அதுவே எனக்குப் போதும்."

வால்வுக்காரர் தன் சீட்டை நண்பன் கையில் வைத்துவிட்டு, அவருடைய சீட்டை எடுத்துக்கொண்டார். "அர்த்தம் என்னடா?"

"ரொம்ப நாள் கஷ்டப்பட்டு, எல்லாம் ஒரு முடிவுக்கு வந்ததுக்கு அப்புறம், மரியாதையோட கிடைக்கிறது." சொல்லும்போது ஸ்டோர்கீப்பர் ஒரு வாஷரை விரலில் மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "வாக்கியமும் நானே எழுதித் தர்றேன். தங்கச்சிகிட்ட இப்ப சொல்லிடாத. உத்தரவோட போய் நில்லு. அசந்துடும்."

அகராதி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. வால்வுக்காரர் அந்தப் பக்கம் போகவில்லை. நண்பன் சொன்னதை அகராதியில் சரிபார்ப்பதா! அதைவிட அவன் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடலாமே.

குழு கூடியது. பெரிய அதிகாரி நடுவில், மெய்ப்பிப்பு அலுவலர் ஓரத்தில். சாட்சியாக ஸ்டோர்கீப்பர். வால்வுக்காரர் சட்டையை மடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியத்தை ஒரு பிசிறில்லாமல் சொன்னார்: "என் மனைவியின் ஊருக்கு எனக்கு இடமாற்றம் போஸ்துமஸாக வழங்கப்பட்டது."

அறை அதிரக் கைதட்டல். பெரிய அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "அபாரம்! இவ்வளவு கடினமான சொல்லை இவ்வளவு துணிச்சலா யாரும் கையாண்டதில்லை!"

வால்வுக்காரர் திரும்பி நண்பனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெய்ப்பிப்பு அலுவலர் பேனா மூடியைக் கழற்றினார். "எப்ப இறந்தீங்க?"

"யாரு?"

"நீங்கதான். போஸ்துமஸ்னா இறந்ததுக்கு அப்புறம் வழங்கப்படுறது. நீங்க இறந்திருந்தாத்தான் வாக்கியம் சரி."

வால்வுக்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு தானாக நின்றது. "ஐயா, நான் வேற வாக்கியம் சொல்லிக்கிறேனே."

"சொன்ன வாக்கியத்தை வாபஸ் வாங்குறவங்களுக்குச் சாகுற வரைக்கும் இடமாற்றம் கிடையாது," என்றார் பெரிய அதிகாரி கனிவோடு. "இந்த வாக்கியப்படியே போனா, செத்ததுக்கு அப்புறமாவது கிடைக்குது. எது நல்லது, நீங்களே சொல்லுங்க."

"ஐயா, நான் உயிரோட நிக்கிறேனே!"

"அது உங்க தனிப்பட்ட விஷயம். நாங்க என்ன கொலைகாரங்களா? உயிரை எடுக்குற அதிகாரம் இந்தத் துறைக்கு இல்லை. பதிவேட்டுலேருந்து பேரை எடுக்குற அதிகாரம் இருக்கு. அதை மட்டும் எடுத்துக்கறோம்."

வால்வுக்காரர் நண்பனிடம் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, சொல்லுடா. நீதானே எழுதிக் கொடுத்த? அர்த்தம் வேற சொன்னியே? சொல்லுடா!"

ஸ்டோர்கீப்பர் மெதுவாகத் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டார். குழுவைப் பார்த்தார். வால்வுக்காரரைப் பார்க்கவில்லை.

"ஐயா," என்றார், "இறந்தவரை எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும். தங்கமான மனுஷன்."

அதோடு விட்டாரா? இரங்கல் உரையும் அவர்தான். டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டதைச் சொல்லும்போது நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதார். எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். தானும் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் வால்வுக்காரரும் நின்றார். மௌனம் முடிந்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். ஸ்டோர்கீப்பர் மூக்கைச் சிந்திக்கொண்டே முன்னால் போய், "இந்த ஊரில் தண்ணீர் இன்டர்மிட்டன்ட்டாக வருகிறது" என்றார். போய்ப் பார்க்கத் தேவையே இல்லாமல் மெய்ப்பிக்கப்பட்டது. பதவி உயர்வு அங்கேயே அப்போதே.

வெளியே வந்தபோது காவலாளி, வால்வுக்காரரின் இரும்புச் சாவியை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். "போனவரு பொருளுண்ணே, யாருக்கும் தரக்கூடாதுன்னு உத்தரவு," என்றார், போனவரிடமே.

வால்வுக்காரர் மனைவிக்குப் போன் போட்டார்.

"டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சும்மா."

"நிஜமாவா?" அந்தக் குரலில் இத்தனை மகிழ்ச்சியை அவர் கேட்டே வெகுகாலம் ஆகிவிட்டது. "எப்ப வர்றீங்க?"

"அதுல ஒரு சின்ன சிக்கல். நான் செத்துட்டேன்."

போன் வைக்கப்பட்டது. இந்த முறை டொக்கென்ற சத்தம்கூட வரவில்லை. அப்படி மெதுவாக வைத்தாள்.

கிடைத்த பஸ்ஸில் ஏறினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைக் கண்டபோது, அவள் கையில் மருந்துத் தட்டு இருந்தது. அவரைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.

"செத்தவரு பஸ்ல வந்தீங்களா, நடந்து வந்தீங்களா?"

"எல்லாம் சொல்றேன்மா. அவன்தான்... என் மாப்ளேதான்..."

"போதுங்க. நல்லா இருக்குற அந்த மனுஷன் தலையில பழியைப் போடாதீங்க. நீங்க வராத ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் பண்ணி, 'கவலைப்படாத தங்கச்சி'ன்னு சொன்னவரு அவருதான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. வராந்தாக் கோடியில் அலுவலக ஜீப் வந்து நின்றது. ஆள் உயர மலர்வளையம் ஒன்று இறங்கியது. அதற்குப் பின்னால் பெரிய அதிகாரி, மெய்ப்பிப்பு அலுவலர், கடைசியாக ஸ்டோர்கீப்பர். புதுச் சட்டை போட்டிருந்தார்.

ஸ்டோர்கீப்பர் வந்து அவள் முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது. "தங்கச்சி, என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா. ஆனா அவன் ஆசைப்பட்டது நடந்துடுச்சு. இந்தா, உத்தரவு. உங்க ஊருக்கே மாத்தியாச்சு."

அவள் உத்தரவை வாங்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"அண்ணே, இவரு யாரு?"

ஸ்டோர்கீப்பர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு கணம், ஏதோ சொல்ல வருகிறவரைப் போல உதடு பிரிந்தது. வால்வுக்காரர் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவிடுவான், இவன் சொல்லிவிடுவான் என்று அந்த நேரத்திலும் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

"தெரியலையேம்மா," என்றார் ஸ்டோர்கீப்பர். "சொந்தக்காரரா?"

அவள் கணவரின் மணிக்கட்டில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பழக்கத்தில் வந்த காரியம். "நாடி ஓடுதே! நெஞ்சுல காதை வெச்சுப் பாருங்க, இடிக்குது!"

மெய்ப்பிப்பு அலுவலர் தொண்டையைச் செருமினார். "அம்மா, நாடி பாக்குறது உங்க துறை. நாங்க தண்ணித் துறை. ஒரு துறை விஷயத்துல இன்னொரு துறை தலையிடுறது நல்லா இருக்காது."

"உங்க கணவர் கொடுத்து வெச்சவரும்மா," என்றார் பெரிய அதிகாரி. "எத்தனையோ பேர் வாழ்ந்துட்டுப் போறாங்க. ஒரு வாக்கியத்துக்காகப் போனவரு இவரு ஒருத்தருதான். உலக மாநாட்டுல இவரைப் பத்திப் பேசப் போறேன். யார் சிரிக்கிறான்னு பாத்துடலாம்!"

மலர்வளையத்தைச் சுவரோரம் சாய்த்து, தலைகுனிந்து, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். ஸ்டோர்கீப்பர் கடைசியாக ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். உத்தரவை முழுதாகப் படித்தாள். மலர்வளையத்து நாடாவில் எழுதியிருந்ததையும் படித்தாள். வால்வுக்காரர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவள் நம்ப வேண்டும் என்று எத்தனை காலமாகத் தவித்திருப்பார்! இப்போது அவள் வாயைத் திறக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் அவருக்குப் பகீரென்றது.

"அளக்காதீங்கன்னு சொல்லேன்," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்பவும் சொல்வியே. எல்லாம் புளுகு, கட்டுக்கதைன்னு. ஒரு தடவை சொல்லேன்மா. அவன் அப்படியெல்லாம் பண்ணியிருக்க மாட்டான்னு சொல்லேன்."

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நாடி பார்த்த அதே மணிக்கட்டு. இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இல்லங்க," என்றாள். "நடந்துதான் இருக்கு."